சிவப்புக்காக ஒரு வேண்டுதல்

விடத்தல்தீவு கடற்றொழிலாளர் சங்கத்துக் கணினித் திரையில் பேதுருவின் படகு ஒரு பச்சைப் புள்ளி. மத்தியானத்திலிருந்து அது காற்றுப் போன பக்கமாகவே ஊர்ந்துகொண்டிருந்தது. வலை இழுக்கும் படகு அப்படிப் போகாது; இயந்திரம் நின்ற படகுதான் போகும். அந்தத் திரைக்கு நிரல் எழுதிய அவன் மனைவி எடித் கதிரையைத் திருப்பினாள்.

“லோறன்ஸ் அண்ணை, போட்டை அனுப்புங்கோ.”

மீட்புப் படகு லோறன்ஸின் பொறுப்பு. “ஆபத்தெண்டால் போட்டிலை இருக்கிற உதவிப் பொத்தானை அமத்தியிருப்பான். புள்ளி சிவப்பாகியிருக்கும். இருக்கிறது ஒரு போட், தங்கச்சி. இதுக்கு அனுப்பிப்போட்டு வேற ஆரும் கூப்பிட்டால் என்ன செய்யிறது?”

போன மாதத்திலிருந்து ஒரு புள்ளிகூடச் சிவப்பாகவில்லை. கடல் அவ்வளவு நல்ல பிள்ளையா என்ன? எடித் நிரலைத் திறந்தாள். போன மாதம்தான் அவள் அதைத் திருத்தி எழுதியிருந்தாள்.

முன்பு அது அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக, உள்ளிருந்து வெளியே வாசிக்க வேண்டியதாய் இருந்தது. அந்தத் தலையிடி வேண்டாமென்று ஒரு மேக்ரோ, அதாவது நிரலைத் தானே விரித்து எழுதும் குறுக்குக் கட்டளை, எழுதி, நிரல்மொழியில் இல்லாத வசதியைச் சேர்த்தாள். செய்தியை எடு, பிரி, காட்டு என்று வேலைகளை வரிசையாக எழுதினால் போதும். ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும். தன்னைத் தானே மெச்சிக்கொண்டும் இருந்தாள்.

மேக்ரோ யோசிக்காது. எழுதியதை அப்படியே பிரதியெடுத்து ஒட்டும். ஒட்டியதை இப்போது விரித்துப் பார்த்தாள். ‘செய்தியை எடு’ இரண்டு இடத்தில் இருந்தது: வெறுமையா என்று பார்க்க ஒன்று, அடுத்த வேலைக்குக் கொடுக்க ஒன்று. ஆகவே நிரல் முதற்செய்தியைப் பார்த்துவிட்டு எறிந்தது, இரண்டாவதைக் காட்டியது. படகுக் கருவி முதலில் அனுப்புவது நலமா, உதவி வேண்டுமா என்பது. அடுத்ததுதான் இடம். ஆகவே யார் உதவி கேட்டாலும் புள்ளி பச்சையாகவே நகர்ந்தது.

செய்தியை ஒரே முறை எடுத்து ஒரு பெயரில் வைத்து, அந்தப் பெயரையே இரண்டு இடத்திலும் போட்டாள். அவசரத்தில் பிழையாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினாள். எறிந்தவை திரும்பி வரா. அவன் இன்னொரு முறை அமத்தினால்தான் உண்டு. தண்ணீரில் விழுந்திருந்தால் யார் அமத்துவது?

புள்ளி பச்சையாகவே நின்றது. மாதாவே, சிவப்பாக்கு என்று வேண்டினாள். புருசனுக்கு ஆபத்தென்ற செய்திக்காக வேண்டிக்கொண்டவள் அந்தக் கரையில் அவளாகத்தான் இருப்பாள்.

புள்ளி சிவப்பானது.

எடித் கதிரையில் இருந்தபடியே அழுதாள். “அமத்த ஆள் இருக்கு, அண்ணை,” என்றாள்.

லோறன்ஸ் அதற்குள் படகை நோக்கி ஓடியிருந்தார்.