பீரோவுக்குள் ஐம்பத்து நான்கு முகங்கள்

கண்ணாடிப் பெட்டியில் இருந்த மூன்று கேமராக்களையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மேஸ்திரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றையாவது வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்கிற மாதிரியான உட்காரல். பக்கத்தில் அவர் மனைவி நின்றாள். பத்தொன்பது வருடம் இறால் உரித்து வெளுத்துப்போன விரல்களைக் கைப்பைக்கு அடியில் மறைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய சாமான் விற்கும் கடை அது. ரேடியோ, கடிகாரம், தட்டச்சு இயந்திரம் என்று யாரோ ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் விற்றவைதான் எல்லாம். கடைக்கார அம்மாள் பெரிய கேமராவை முன்னால் தள்ளினாள்.

"இதை எடுத்துக்கங்கண்ணே. கழுத்துல மாட்டினா பாக்கறவங்க போட்டோகிராபர்னே நினைப்பாங்க."

"நினைச்சு? எனக்கென்ன கல்யாண ஆர்டரா வரப்போகுது? நாங்க மலை ஏறப் போறோம்மா. இதை வேற தூக்கிட்டு ஏறினா கழுதை மாதிரி ஆயிடுவேன்."

"அது என்ன உங்களுக்குப் புதுசா?" என்றாள் மனைவி. கடைக்கார அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். மீன் பதனிடும் கம்பெனியில் அவருக்கு வேலை. வந்திறங்கும் மீனின் செவுளை விரித்துப் பார்க்க அந்த டார்ச்சை எப்போதும் வைத்திருப்பார். பெரிய கேமராவின் லென்சுக்குள் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தார். உள்ளே சிலந்தி வலை மாதிரி ஒரு மெல்லிய வெளுப்பு.

"பூஞ்சை பிடிச்சிருக்கு. ஈரத்துல வெச்சிருக்காங்க."

"அது போட்டோல தெரியாதுண்ணே."

"இன்னிக்குத் தெரியாது. எங்க ரூம் சுவத்துலயும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு. இப்ப சுவரே தெரியல."

இரண்டாவது கேமரா மெலிதாக, பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்தார். பேட்டரி உப்பியிருந்தது. அந்த மாதிரி பேட்டரி இப்போது வருவதில்லை என்று கடைக்கார அம்மாளே ஒத்துக்கொண்டாள். மூன்றாவது பத்துப் பன்னிரண்டு வருடத்துப் பழசு. கட்டை விரல் படும் இடத்தில் சாயம் போயிருந்தது. ஆனால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் செல் இரண்டு போட்டால் ஓடும். வெயிலில் திரை தெரியாவிட்டாலும் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்னத் துவாரம் இருந்தது. மேஸ்திரி லென்ஸ் நீண்டு சுருங்கும் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்டார். லென்சை உள்ளங்கையால் மூடி ஒரு படம் எடுத்து, இருட்டில் எங்கேனும் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று தேடினார். இல்லை. மனைவியை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒன்று எடுத்தார்.

"பல்லு தெரியுது, அழிச்சிடுங்க" என்றாள் அவள். அவர் அழிக்கவில்லை.

"இதுதான். கட்டுங்கம்மா."

கடைக்கார அம்மாள் தடித்த ரிஜிஸ்டரைப் பிரித்தாள். "அடையாளக் கார்டு குடுங்கண்ணே. ஒரிஜினல். திருட்டு சாமான் கைமாறக் கூடாதுன்னு, விக்கறவங்க வாங்கறவங்க ரெண்டு பேர் நம்பரையும் எழுதியாகணும்."

மேஸ்திரி பர்சிலிருந்து நாலாக மடித்த ஜெராக்சை எடுத்தார். மடிப்பில் அவர் முகம் இரண்டாகக் கிழிந்திருந்தது.

"இது ஆகாதுண்ணே."

"ஒரிஜினல் கம்பெனியில இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வெச்சிருக்காங்க."

"உங்க கார்டை உங்ககிட்ட இருந்தே பத்திரமாவா?"

கடைக்கார அம்மாள் குத்தலாகக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டாள். மேஸ்திரி நாளைக்குள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். தெருமுனையில் மனைவி நின்றாள்.

"ரயில்லயும் கேப்பாங்க, இல்ல? தங்கற இடத்துலயும்?"

"கேப்பாங்க."

வருடத்துக்கு ஒருமுறை குளிர்பதன இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க, கம்பெனியைப் பத்து நாள் மூடுவார்கள். அடுத்த வாரம் அந்தப் பத்து நாள். இதுவரை அந்த நாட்களிலும் கம்பெனி குவார்ட்டர்சிலேயே கிடந்து, சுவரைச் சுரண்டி வெள்ளையடித்துப் பொழுதைக் கழித்தவர்கள். இந்த முறை மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள். மலையைக் காலண்டரில் மட்டுமே பார்த்தவள். இருவரிடமும் இருந்தது பட்டன் போன். அதனால்தான் கேமரா. குடியிருப்பது கம்பெனி கேட்டுக்கு உள்ளே, கடை கேட்டுக்கு உள்ளே, மருந்து கொடுப்பவர் கேட்டுக்கு உள்ளே. கார்டு கையில் இல்லை என்பதே இத்தனை வருடம் உறைக்கவில்லை. கயிற்றின் நீளத்துக்குள்ளேயே மேய்கிற மாட்டுக்குக் கயிறு இருப்பது எப்படித் தெரியும்?

மேஸ்திரி நேராக மானேஜர் அறைக்குப் போனார். மானேஜரின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்பதால், உரிக்கிற பெண்கள் அவருக்கே பீரோ என்று பெயர் வைத்திருந்தார்கள். "பீரோ வருது" என்று யாராவது கிசுகிசுத்தால் கூடத்தில் பேச்சு நின்றுவிடும்.

"கார்டா? உனக்கு எதுக்குய்யா?"

"லீவுல ஊர் பாத்துட்டு வரலாம்னு சார். எனக்கும் அவளுக்கும் வேணும்."

மானேஜர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் எழுந்தார். பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட கட்டிலிருந்து ஒரு கார்டை உருவி மேசை மேல் போட்டார். அந்தக் கட்டுக்குள் ஐம்பத்து நான்கு கார்டுகள் இருந்ததை மேஸ்திரி அறிவார். எல்லாம் அவர் கையால் வாங்கிக் கொடுத்தவை.

"இந்தா, உன்னோடது. வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். உன் சம்சாரத்தோடது இங்கேயே இருக்கட்டும்."

"அவளும்தான் சார் வர்றா."

"நீ போய்ட்டு வந்து போட்டோ காட்டு. அவளும் ஊர் பாத்த மாதிரிதான்."

"சார்..."

"ரெண்டு பேரும் கிளம்பிட்டா, திரும்பி வருவீங்கன்னு எனக்கு என்ன உறுதி?"

"பத்தொன்பது வருஷமா இருக்கேன் சார்."

"அதான்யா சொல்றேன். பத்தொன்பது வருஷம் இருந்தவனே போயிட்டா, வேற எவன் இருப்பான்?" மானேஜர் மறுபடி பீரோவைப் பூட்டினார். "வேன் வந்தாச்சு பாரு. புது ஆளுங்க பதினொரு பேர். கார்டெல்லாம் வாங்கிட்டு வந்துடு."

மேசை ஓரத்தில் பிஸ்கட் டப்பா தயாராக இருந்தது. மேஸ்திரி அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கை தானாக எடுத்தது, கால் தானாக நடந்தது. பழக்கம்.

முற்றத்தில் ஐஸ் லாரி ஒன்று நின்றிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்று வந்த இறால் முழுவதையும் ஐஸ் கரைவதற்குள் உரித்தாக வேண்டும். அதன் பக்கத்தில் பதினொரு பேர், பெட்டியும் பையுமாக, சொன்ன இடத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லோர் கையிலும் கார்டு. வேனிலேயே சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"எல்லாரும் கார்டைப் போடுங்க. பத்திரமா..."

அதே வார்த்தை, அதே இடம்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஐஸ் உடைக்கிறவன் ஒருவன் இந்த முற்றத்தில் நின்று அவர் காலைப் பிடித்தான். அப்பா செத்துப்போன செய்தி வந்திருந்தது. அவன் ஊருக்கு நாட்டு எல்லை தாண்டிப் போக வேண்டும், கார்டு இல்லாமல் முடியாது. மானேஜர் வெளியூர் போயிருந்தார், சாவி அவரிடம். "பொறுத்துக்கடா, கார்டு பத்திரமாதான் இருக்கு" என்று சமாதானம் சொன்னவர் இதே மேஸ்திரிதான். கார்டு பத்திரமாகத்தான் இருந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைப் புதைத்த மண்ணைத்தான் பார்த்தான்.

வரிசையில் முதலில் நின்ற கண்ணாடி போட்ட பெண், கார்டை டப்பாவுக்கு மேலே பிடித்தபடி கேட்டாள்.

"அண்ணே, உங்க கார்டும் அங்கதான் இருக்கா?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். "என்னோடதே அங்கதாம்மா இருக்கு, பத்தொன்பது வருஷமா" என்பார் அவர். அதைக் கேட்டதும் போட்டுவிடுவார்கள். மானேஜரை நம்பி யாரும் போட்டதில்லை. நம்மைப் போலவே கை வெடித்த மனுஷன், தன்னுடையதையே கொடுத்திருக்கிறான் என்று இவரை நம்பித்தான் போட்டார்கள். இன்று அந்தப் பதிலும் பொய். அவர் கார்டு அவர் சட்டைப் பையில் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

உரிக்கும் கூடத்து வாசலில் மனைவி கையுறையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டு கிடைத்ததா என்று கண்ணாலேயே கேட்டாள். மேஸ்திரி டப்பாவை மூடினார்.

"கொடுக்காதம்மா. யாரும் கொடுக்காதீங்க. நம்பர் வேணும்னா காட்டுங்க, எழுதிக்கட்டும். கையை விட்டுப் போக விடாதீங்க."

மானேஜர் வாசலுக்கு வந்துவிட்டார். "என்னய்யா அங்க பேச்சு?"

"என் கார்டு கிடைச்சிடுச்சு சார். மீதி ஐம்பத்து மூணும் வேணும்."

"மூளை கீளை குழம்பிடுச்சா? உள்ள போய் வேலையைப் பாருங்க எல்லாரும்!"

கூடத்தில் யாரும் அசையவில்லை. மேஸ்திரியின் மனைவி உறைகளை விரல் விரலாகக் கழற்றி, மடித்து, மேசை ஓரத்தில் வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் வைத்தாள். அப்புறம் அந்த வரிசை முழுவதும். பயம் இல்லாமல் இல்லை. ஒருத்தி தன் உறையைக் கீழே தவறவிட்டு, எடுத்து மறுபடி வைத்தாள்.

"லாரி நிக்குது! ஐஸ் கரையுது!" என்று கத்தினார் மானேஜர்.

"நிக்கட்டும் சார்" என்றாள் மேஸ்திரி மனைவி. "பத்திரமாதானே இருக்கு."

அரை மணி நேரம் யாரும் உறையைத் தொடவில்லை. லாரிக்கு அடியில் தண்ணீர் ஓடி வடிகாலைத் தொட்டபோது மானேஜர் உள்ளே போனார். ரப்பர் பேண்டு போட்ட கட்டைக் கொண்டுவந்து அதே பிஸ்கட் டப்பாவில் வீசினார். மேஸ்திரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எல்லாக் கார்டிலும் வந்து சேர்ந்த வருடத்து முகம். முடி இருந்தது, கன்னம் இருந்தது. மனைவி தன்னுடையதை வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

"யாருங்க இது? நல்லா இருக்காளே!"

பிறகு உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அன்று மாலையே மேஸ்திரியின் மேஸ்திரி வேலை போனது. லீவு முடிந்து வந்தால் ஐஸ் ரூமில் பெட்டி தூக்கலாம், இஷ்டம் இல்லாவிட்டால் போகலாம் என்று சொல்லிவிட்டார் மானேஜர். நாற்பத்தாறு வயதில், மைனஸ் இருபது குளிரில். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் போக முடியும் என்பது தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் இருவரும் கடைக்குப் போனார்கள். கேமரா தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மேஸ்திரி கார்டை மேசை மேல் வைத்தார். கடைக்கார அம்மாள் முகத்தை ஒரு தடவை, படத்தை ஒரு தடவை பார்த்து, நம்பரை எழுதி, கார்டை அவர் பக்கம் தள்ளினாள். மேஸ்திரி எடுக்கவில்லை. அது திரும்பி வரும் என்பது அவர் கைக்கு இன்னும் பழகவில்லை.

"எடுத்துக்கங்கண்ணே. முடிஞ்சிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? உங்க கார்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மனைவி கைப்பையைத் திறந்து தன் கார்டையும் நீட்டினாள்.

"ஒண்ணு போதும்மா."

"பரவால்ல, எழுதிட்டுக் குடுங்க. திரும்பக் குடுக்கறதை இன்னொரு தடவை பாக்கணும்."

கடைக்கார அம்மாள் பேனாவை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நேத்து என்னண்ணே ஆச்சு?"

மேஸ்திரி கார்டைச் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பூட்டினது மானேஜர்தாம்மா. ஆனா டப்பாவைத் தூக்கிட்டுப் போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாங்கினவன் நான். பத்திரம் பத்திரம்னு பத்தொன்பது வருஷம் சொன்னேன். இப்பத்தான் புரியுது. கார்டைப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தா அது கணக்கு. வாங்கிப் பூட்டிட்டா, உள்ள இருக்கறது கார்டு இல்ல, ஆளு. யார் கேட்டாலும் காட்டுங்க. யார் கேட்டாலும் குடுக்காதீங்க. அதைவிட முக்கியம், அடுத்தவன் கார்டை வாங்கிட்டு வான்னு உங்களை அனுப்பினா, போகாதீங்க."