தண்ணீர் வாங்கிக் குடித்தவர்

எசிக்ரோமிலிருந்து அபாநோவுக்குக் கடற்கரையோரமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் முப்பது வருஷமாக யாரும் நடக்கவில்லை. ஊருக்கு ஊர், அப்பன் வழியில் பிள்ளைகள் சேரும் காவல்படை ஒன்று உண்டு. கொடியில் சிறுத்தையை வரையும் உரிமை எந்த ஊர்ப் படைக்கு என்று ஒரு திருவிழாவில் சண்டை மூண்டு, மண்டைகள் உடைந்தன. அதன்பின் எல்லை ஓடையைக் கால்நடையாகத் தாண்டக் கூடாது என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் சுற்றி வந்து இறங்கினால் விருந்தாளி. நடந்து வந்தால் படையெடுப்பு. இந்தக் கூத்தை இரண்டு ஊர்ப் பெரியவர்களும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்கள்.

மென்சிமாவுக்கு அம்மா அபாநோ, அப்பா எசிக்ரோம். அம்மா பிறந்த ஊருக்கு ஒருமுறையாவது நடந்தே போய்விட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகத்தான் ‘பழைய கடற்கரை வழி’ என்று ஒரு மரபு நடை ஏற்பாடு செய்து, தலைநகர் அக்ராவிலிருந்து பதினோரு பேரைத் திரட்டினாள். மீனவர்கள் கடலுக்குப் போகாத செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வைத்தாள். அபாநோ படைத்தலைவருக்கு மூன்று முறை சொல்லி அனுப்பியும் பதில் இல்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். ஆசை வந்துவிட்டால் மனிதர்கள் அப்படித்தான்.

அவர்கள் ஓடைக்கரையை அடைந்தபோது, படைத்தலைவர் அபேகா ஓடையைத் தாண்டி எசிக்ரோம் பக்கமே வந்து, வழியை மறித்து நின்றுகொண்டிருந்தார். அக்கரையில் பாதி ஊர் வேடிக்கை பார்த்தது.

“திரும்பிப் போம்மா.”

“மாமா, நான் உங்க ஊர்ப் பொண்ணு.”

“குலம் அம்மா வழி, சரி. படை அப்பா வழியாச்சே. நடந்து வர்ற காலு உங்கப்பன் காலு.”

“பஸ்ல வந்தா மட்டும் அது யாரு காலு?”

அக்கரையில் யாரோ சிரித்தார்கள். அபேகா சிரிக்கவில்லை. “காலையிலேர்ந்து வெயில்ல நிக்கிறேன். வாயாடாதே.”

இன்று திரும்பிவிட்டால் இந்த வழி மென்சிமாவின் ஆயுளில் திறக்காது.

நடக்க வந்தவர்களில் தெத்தே என்றொரு வங்கிக்காரர். விவரம் புரியாமல் அவர் முன்னே வந்து, “பாவம், பெரியவருக்கு வேர்த்து ஊத்துது,” என்று தன் தண்ணீர்ப் பாக்கெட்டை நீட்டினார். அபேகா யோசிக்காமல் வாங்கி, முனையைப் பல்லால் கடித்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

அக்கரையில் நின்றவர்கள் தண்ணீர் விளிம்புவரை நெருங்கி வந்தார்கள். அந்தக் கடற்கரை முழுக்க, வந்தவருக்கு முதலில் தண்ணீர். பிறகுதான் வீட்டுக்காரர் சேதி கேட்பார். கொடுத்த பக்கம் வீட்டுக்காரர், குடித்தவர் விருந்தாளி. அதில் பேச்சுக்கே இடமில்லை. சண்டைக்கு வந்தேன் என்று விருந்தாளி சொல்லவும் முடியாது.

மென்சிமா நிமிர்ந்து நின்று, வீட்டு வாசலில் கேட்பது போலவே கேட்டாள். “இங்க எல்லாரும் நலம், மாமா. நடந்து வந்தது நீங்க. என்ன சேதியா வந்தீங்க?”

அபேகா காலிப் பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். ஓடைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம், எப்படி வந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அக்கரையில் அவர் மனைவி துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கெட்ட சேதி ஒண்ணும் இல்ல,” என்றார் கடைசியில், விருந்தாளி சொல்ல வேண்டியபடியே. “எங்க ஊர்த் தங்கச்சி மக ஒருத்தி இந்தப் பக்கம் இருக்கா. அவளைக் கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

மென்சிமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினாள்.