தண்ணீர் திரும்பிய நேரம்

மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்குக் கழிமுகம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. வலது பக்கம் கடல். இடது பக்கம் உள்ளே நீண்டு போகும் உப்பங்கழி. எதிர்க்கரைக்கும் இந்தக் கரைக்கும் நடுவே ஒரு மணல்திட்டு.

"சுத்திப் போயிடலாங்க," என்றாள் சித்ரா.

"எட்டு கிலோமீட்டரு. உப்பளம் பூரா ஒரு மரம் கிடையாது. இவன் நடப்பானா? உன் இடுப்புலதான் ஏறிக்கினு வருவான்."

முகையூரில் கரும்பு போடுகிறவன் அவள் கணவன் மணிமாறன். கோடை விடுமுறைக்கு மற்றவர்கள் பிள்ளைகளைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். இவனோ கைப்பேசியில் யாரோ நடந்ததைப் பார்த்துவிட்டு, கோட்டக்குப்பத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டை வரை கடலோரமாகவே நடப்பது என்று கிளம்பிவிட்டான். ஒன்பது வயது மகள் வெண்ணிலாவும் ஐந்து வயது மகன் தென்னரசுவும் கூட. முதல் நாள் வழியனுப்பும்போதே, நண்பன் யூசுப் அலியின் மனைவி ஜமீலா பீவி சொன்னாள்: "கழிமுகத்துல மட்டும் குப்பத்து ஆளுங்களைக் கேக்காம எறங்காதீங்கண்ணே."

கேட்க அங்கே ஆள் இல்லை. உட்கார்ந்து மல்லாட்டையைத் தோடு உடைத்துத் தின்றார்கள். கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மெல்ல மெல்லக் குறைந்து, அசையாமல் நின்றுவிட்டது.

"பாரு, மேல மடைய அடைச்ச மாதிரி நின்னுபோச்சு. இனிமே வடியறதுதான். ஜல்தி எழுந்திரு!"

சித்ராவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பத்து வருஷமாகக் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவள். வாய்க்காலில் நின்ற தண்ணீர் வடியும். வந்த வழியே திரும்பிப் போகிற தண்ணீரை அவள் பார்த்ததே இல்லை.

திட்டு வரை முழங்கால் அளவுதான். அதைத் தாண்டியதும் மணிமாறனுக்கு மார்பு அளவு. பைகளைத் தலையில் வைத்து முதலில் ஒரு நடை. வெண்ணிலாவைத் தோளில் ஏற்றி இரண்டாவது நடை. சித்ராவும் தென்னரசுவும் இரண்டு தண்ணீர் கேன்களோடு திட்டில் காத்திருந்தார்கள்.

"ம்மா, என் செருப்பு நனையுது," என்றான் தென்னரசு.

குனிந்து பார்த்தாள். நடந்தால் விளக்கு எரியும் சிவப்புச் செருப்பு. அதைச் சுற்றி விரற்கடை தண்ணீர். சற்றுமுன் அங்கே காய்ந்த மணல் இருந்தது.

நிமிர்ந்தாள். கடல் பக்கமிருந்து நுரையும் தேங்காய் மட்டையும் வந்துகொண்டிருந்தன. தண்ணீர் உள்நோக்கி ஓடியது.

"ஏங்க! தண்ணி திரும்பி வருதுங்க!"

அவன் இறங்கி நான்கு எட்டு வைப்பதற்குள் கால் பிடுங்கிக்கொண்டது. கழுத்து வரை போய், புரண்டு, ஒரு புதரைப் பிடித்துக் கரையேறினான். மறுபடியும் இறங்கப் பார்த்தான்.

"இறங்காதீங்க! பொண்ணு தனியா நிக்கிது! இறங்கவே கூடாது!"

அவனுக்கு நீச்சல் தெரியும், கிணற்று நீச்சல். கிணற்றுத் தண்ணீர் ஆளை இழுக்காது. சித்ராவுக்கோ அதுவும் தெரியாது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். முழங்கால் அளவு இருந்த இடத்தில் கறுப்பாகச் சுழி போட்டது. திட்டு ஒரு மாட்டுவண்டி நிற்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. எதிர்க்கரையில் வெண்ணிலா, "ம்மா, ம்மா" என்று ஒரே சொல்லைக் கத்திக்கொண்டிருந்தாள்.

கத்தினால் யார் வருவார்கள்? கணுக்கால் நனைந்தது. தென்னரசுவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவன் நெஞ்சு படபடப்பது அவள் விலாவில் தெரிந்தது. அவளுடையதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

தேங்காய் மட்டை ஒன்று பக்கத்தில் போனது. அதையே பார்த்தாள். உப்பங்கழி இடது பக்கம் வளைகிற இடத்தில் அது எதிர்க்கரையில் போய் முட்டி நின்றது. வாய்க்கால் வளைவில் சருகு ஒதுங்குமே, அதுபோல.

ஒரு மட்டையை நம்பிப் பிள்ளையை விடுவதா? அவன் காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றி வீசினாள்.

"என் செருப்பு!" அலறினான்.

சிவப்புப் புள்ளி சுழன்றது, முங்கியது, எழுந்தது, வளைவில் அதே இடத்தில் ஒதுங்கியது.

இரண்டு கேன்களையும் திறந்து கவிழ்த்தாள். மிச்சமிருந்த குடிதண்ணீர் உப்புத் தண்ணீரோடு போனது. மூடிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். துப்பட்டாவைக் கிழித்து ஒரு கேனை அவன் முதுகில் கட்டினாள்.

"அப்பா நீச்சலுக்குக் கிணத்துல கட்டுவாரே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான் கண்ணு. கால மட்டும் உதை."

இன்னொரு கேனை மார்போடு அணைத்தாள். மீதித் துணியில் அவன் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். ஈரத்துணியில் முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"வளைவுக்குப் போங்க! அங்க வந்துருவோம்!" என்று கத்தினாள். மணிமாறன் மகளை இழுத்துக்கொண்டு ஓடினான்.

கால் மணலை விட்டது. மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. கரை பக்கத்தில்தான் இருந்தது. அதை நோக்கிக் கையை வீச உடம்பு துடித்தது. வீசினால் கேன் நழுவிவிடும். எதிர்க்காதே, எதிர்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிடந்தாள். ஒருமுறை தென்னரசுவின் தலை மறைந்தது. மணிக்கட்டு முடிச்சு மட்டும் இழுத்தது. அந்த இரண்டு மூச்சு நேரத்தை அவள் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை. பிறகு கேன் எழுந்தது, கூடவே இருமலும்.

தோளில் எதுவோ முட்டியது. புதர். அதற்குள்ளிருந்து மணிமாறனின் கை வந்து அவள் தலைமயிரைப் பற்றியது.

கரையில் நால்வரும் ஒரே குவியலாகக் கிடந்தார்கள். முடிச்சை அவிழ்க்க மணிமாறன் கை நீட்டினான். அவள் தட்டிவிட்டாள்.

"என்னைத் திட்டிடு சித்ரா. எதனா சொல்லு."

"பஸ்சுல போலாம்பா," என்று விசும்பினாள் வெண்ணிலா.

தென்னரசு மட்டும் கட்டாத கையால் புதரடியிலிருந்து செருப்பை எடுத்துத் தட்டினான். விளக்கு எரிந்தது.

"இன்னொண்ணு இன்னா ஆச்சும்மா?"

சித்ராவுக்கு நினைவு வந்தது. இன்னொன்று தண்ணீரில் இறங்கும்போது அவன் காலிலிருந்து கழன்று திட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தாள். திட்டு எங்கே இருந்தது என்றே சொல்ல முடியவில்லை. ஒரே தண்ணீராகப் பளபளத்தது.

"ம்மா, அதோ!"

சிவப்பாக ஒன்று சுழன்று வந்து, அவள் காலருகே கரையில் முட்டி நின்றது.

"ரெண்டும் வந்துடுச்சி!" என்று கை தட்டினான் பையன்.

அப்போதுதான் சித்ராவுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. ஊருக்குத் திரும்பும் பேருந்து வளவனூரைத் தாண்டும்வரை அது நிற்கவில்லை.