எதிரணி வராத ஆட்டம்

மகளிர் கூடைப்பந்து லீக் இரண்டாவது சீசனிலேயே பணமில்லாமல் தள்ளாடியது. மாமல்லபுரம் அணி செங்கல்பட்டில் ஆட வேண்டிய நாளன்று காலையில் எதிரணியின் முதலாளி கையை விரித்துவிட்டார். அவருடைய பெண்கள் ரயிலே ஏறவில்லை. நடுவர் மாமல்லபுரம் அணி ஜெயித்ததாக எழுதிக் கொடுத்தார்.

அணியின் மேலாளர் ஜெயக்குமார் மைக்கை எடுத்தார். “இன்னா பண்றது? விஷயத்த சொல்லி எல்லாரையும் அனுப்பிச்சிடலாம்.”

“ஜனங்க கூடுவாஞ்சேரிலேர்ந்து பஸ் புடிச்சி ஆட்டம் பாக்க வந்துகீறாங்கண்ணா,” என்றாள் கேப்டன் ஹரிப்ரியா. “நாங்களே ரெண்டா பிரிஞ்சி ஆடுறோம்.”

பன்னிரண்டு பேரில் ஆறு பேர் பயிற்சி பனியனை மாட்டிக்கொண்டார்கள். சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷபானாவை அவர்களுக்குக் கேப்டனாக்கினாள் ஹரிப்ரியா. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். ஹரிப்ரியாவின் கையிலிருந்தே ஷபானா இரண்டு முறை பந்தைப் பறித்தாள்; ஹரிப்ரியாவுக்குச் சுருக்கென்றது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. கடைசி நொடியில் ஷபானா எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி உள்ளே விழ, ஹரிப்ரியாவின் பக்கம் ஒரு பாயிண்டில் தோற்றது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

அடுத்த ஆட்டத்தில் கோச் ஹரிப்ரியாவின் இடத்தில் ஷபானாவை இறக்கினார். பெஞ்சிலிருந்து பார்க்க வலித்தது. ஆனால் ஷபானாவின் ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டு வாரத்தில் லீக்கே நின்றுபோனது. ஹரிப்ரியா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலைக்குத் திரும்பினாள். ஷபானாவை மாநில அணியின் முகாமுக்கு அழைத்தார்கள்.