சுவருக்கு அந்தப் பக்கம்

பக்கவாதத்தில் மாக்ஸ்வெல்லுக்குப் பேச்சு நின்றுபோனதிலிருந்து, அது திரும்ப வரவேண்டும் என்று அவன் மனைவி லூயிசா ஈஸ்டர் வரை ஜெபத்தில் கேட்காத நாளில்லை. பதில்தான் வரவில்லை. அதன்பிறகு மாலை ஜெபத்தில் முழங்கால் போடுவதையே விட்டுவிட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆனி மட்டும் பாயில் தனியாக முழங்காலிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் லூயிசாவை உறுத்தியது.

ஆனியின் வகுப்புச் சுற்றுலா மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்துக்கு என்றதும், லூயிசா துணைக்குப் போக ஒப்புக்கொண்டாள். மூடிக்கிடக்கும் ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழிக்குப் பக்கத்தில், கேஜை இழுக்கும் எஞ்சின் இருந்த, கூரை போன எஞ்சின் ஹவுஸ். சிறுமியாக இருந்தபோது லூயிசா, சுரங்கத்தில் வேலைசெய்த தன் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தால் இந்தச் சுவரோரம்தான் நிற்பாள். சங்கு ஊதும், எண்ணெய் வாசம் வரும். குழியிலிருந்து ஆட்களை மேலே ஏற்றிவரும் கூண்டான கேஜிலிருந்து இறங்கும் தூசி முகங்களுக்குள்ளே அப்பாவின் பல்லைத் தேடிக் கண்டுபிடிப்பாள். இப்போது அங்கே ஆடுகள் மேய்ந்தன.

வாணி மிஸ் குச்சியால் மண்ணில் ஒரு கட்டம் கீறினார். கையில் இரண்டு மணிகள்.

"இதான் கேஜு. எல்லாரும் ஏறினதும் மணி அடிக்கணும். செவத்துக்கு அந்தாண்ட கீற டிரைவருக்கு கேஜு தெரியாது. அவரு திருப்பி அடிச்சாத்தான் அது நவுரும்."

டிரைவர் ஆனி; ஒரு மணியை வாங்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். பிள்ளைகளோடு நெருக்கியடித்து நின்று லூயிசா மணி அடித்தாள். பதிலில்லை. மறுபடி அடித்தாள்.

"தூங்கிட்டாளா ஆண்ட்டி?" என்றாள் இந்து.

"ஏய் டிரைவரு! பெங்களூரு டிரெய்னு ஏறிட்டியா?" என்று சரத் கத்தினான். ஒரே சிரிப்பு.

லூயிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கேயுமா? எட்டிப் பார்க்கக் காலை எடுத்து வைத்தவளுக்கு அப்பாவின் குரல் ஞாபகம் வந்தது. 'மணி அடிச்சா சும்மா நிக்கணும் கண்ணு. மேல ஆளு கீறாரு.'

நின்றாள்.

ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி சுனில் ஓடிவந்து கட்டத்துக்குள் குதித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மணி கணீரென்றது.

"ஏன்டி அவ்ளோ நேரம்?" என்று பிறகு லூயிசா மகளிடம் கேட்டாள்.

"சுனிலு ஷூல கல்லு பூந்துச்சுன்னு அங்க குந்தினு இருந்தாம்மா. நீங்க பாக்கல. எனக்கு சன்னல்ல தெரிஞ்சுது. அவன வுட்டுட்டு எப்டி இழுக்கறது?"

"நான் அடிச்சது கேட்டுச்சா?"

"அய்யே, ரெண்டு வாட்டியும் கேட்டுச்சே! மணிய புடிச்சினேதான் நின்னேன்."

மகளின் கலையாத காலரை லூயிசா சரிசெய்துகொண்டே இருந்தாள்.

அன்று மாலை மாக்ஸ்வெல்லின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆனி பாயை விரித்தாள். லூயிசா வந்து முழங்கால் போட்டாள். மகள் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

லூயிசா தலையைத் தூக்கிக் கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டிப் பாக்காதீங்கம்மா," என்று ஆனி கிசுகிசுத்தாள். "கண்ண மூடுங்க."