ஏறி வரும் வண்டிக்கு வழி

லேப்டாப் எதற்கு என்று யாராவது கேட்டால் 'எஸ்டேட் கணக்கு எழுத' என்று சொல்ல வேண்டுமாம். ஏற்காட்டு மலையில் எங்கள் ஊர் வெள்ளக்கடையில் பஸ் ஏறியதிலிருந்து அடிவாரம் வந்து சேரும்வரை என் வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் இதையே என் காதில் ஓதிக்கொண்டு வந்தார்.

"நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. அப்புறம் பாவசங்கீர்த்தனத்துக்கு நீங்களா போய் மண்டி போடுவீங்க?" என்றேன்.

"மெதுவாப் பேசு மேரி. எல்லாம் தெரிஞ்ச முகமா இருக்குது."

தெரிந்த முகமாக இல்லாமல் எப்படி இருக்கும்? இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மலை ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருடைய வலது கால் தானாக அழுந்தியது. ஓட்டுகிறவன் எவனோ, பிரேக் போடுகிறது இவர்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். நான் எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட். என் டைப்ரைட்டரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். மாட்ட வந்த பையன் போகிற போக்கில் அதில் ஒரு கார் ரேஸ் விளையாட்டைப் போட்டுவிட்டுப் போனான். முதலில் சும்மா பார்க்கலாம் என்றுதான் தட்டினேன். அப்புறம் மத்தியானச் சாப்பாடே அதற்கு முன்னால்தான். வலது கையில் சாம்பார் சாதம், இடது கையில் வண்டி. ஆண்டவரே, அந்த வேகம்! வயிற்றுக்குள் ஜிவ்வென்று இருக்கும். நாற்பத்தாறு வயசில் நான் ஆபீசில் தனியாக உட்கார்ந்து 'ஹே' என்று கத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் மானேஜர் பார்த்துவிட்டார். மறுநாள் விளையாட்டைக் காணோம், அழித்துவிட்டார்கள். நான் அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அழுகை வந்தது, அழுதேன்.

வீட்டில் வண்டி இல்லாமல் இல்லை. டிவிஎஸ் மொபெட் ஒன்று வாசலிலேயே நிற்கிறது. வெள்ளக்கடையில் பிஞ்சுப் பெண்கள்கூட வண்டி ஓட்டுகிறார்கள். எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "மலை ரோடு பொம்பளைக்கு ஆவாது, பின்னால ஒக்காரு" என்பார். நானும் பின்னாலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய முதுகை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டேன். எங்கள் பெண் அற்புதம் நர்ஸ் வேலைக்கு வேலூர் போன பிறகு, எனக்குச் சீட்டு விழுந்தது. விழுந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், லேப்டாப் வாங்கப் போகிறேன் என்று. லேப்டாப்தான் வேண்டும். மலையில் ஒரு தூறல் போட்டால் போதும், கரண்டு போய்விடும். பேட்டரி இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன, பூஜையா செய்வது?

சேலத்துக் கடையில் பொன்னுவேல் என்கிற பையன் எங்களை வரவேற்றான். சிரித்த முகம். இரண்டு லேப்டாப்பை மேஜையில் வைத்தான். ஒன்று மெல்லிசு, வெள்ளி நிறம், கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். இன்னொன்று குண்டு. கறுப்பாக, அம்மிக்கல் கனத்தில், ஆன் பண்ணியதும் உள்ளேயிருந்து விசிறி உர்ரென்று கத்தியது.

"பையனுக்குங்களா அக்கா?"

"எனக்குத் தம்பி."

"ஓ, ஆபீஸ் வேலைக்குங்களா?"

"கணக்கு எழுத," என்றார் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு.

"கார் ரேசுக்கு," என்றேன் நான்.

பக்கத்து மேஜையில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார். பொன்னுவேலுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவர்களையே பார்த்திருப்பான் போல.

"ரேசுன்னா வாங்க்கா, ஓட்டியே பாத்துருங்க," என்று ஒரு சிடியைப் போட்டான்.

மெல்லிசில் முதலில் ஓட்டினேன். மலை ரோடு ஒன்று வந்தது. வந்தது என்ன வந்தது, நின்று நின்று வந்தது. நான் இடது பக்கம் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அதற்குள் பள்ளம் வந்துவிட்டது. அதே சிடியைக் குண்டில் போட்டான். அடேயப்பா! மரம் மரமாகத் தெரிந்தது. ரோட்டில் ஈரம் மின்னியது. வளைவில் பனி இறங்கி நின்றது. விரல் அசையும் முன்னே கார் திரும்பியது.

"இதுல படத்துக்குன்னே தனியா ஒரு கார்டு இருக்குதுங்க்கா. அந்த மெல்லிசுல அது கெடையாது. கணக்கு எழுதலாம், லெட்டர் அடிக்கலாம், அவ்வளவுதான்," என்றான் பொன்னுவேல்.

வீட்டுக்காரர் குண்டின் அடியில் கையை விட்டுப் பார்த்தார். "எஞ்சின் கொதிக்குதே தம்பி."

"ஏற்காட்டுக் குளிருக்கு மடியில வெச்சுக்குங்கண்ணா. கம்பளி மிச்சம்."

நான் கடகடவென்று சிரித்துவிட்டேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"மெல்லிசையே வாங்கு மேரி. பாக்கறவங்ககிட்டக் கணக்குன்னு சொன்னா நம்புவாங்க. இந்தக் குண்டத் தூக்கிட்டுப் போனா ஒண்டிக்கடை முக்குல நிக்கறவனெல்லாம் கேப்பான். டிரைவர் சம்சாரம் பொம்மக் காரு ஓட்டறான்னு சிரிப்பான். குண்டுச் சட்டிக்குள்ள குதிர ஓட்டறதுன்னா இதுதான்."

"சிரிக்கட்டுமே. பல்லு அவங்களுது."

"வண்டி ஓட்டறது உனக்கு வெளையாட்டாப் போச்சா?" இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. நிஜமாகவே அவருக்கு வலித்திருக்கிறது. எனக்கும்தான் வலித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்துவிட்டது.

"வெளையாட்டுதானுங்க. நெசமான வண்டியத் தொட நீங்க உட்டீங்களா? பின்னால ஒக்காரு, பின்னால ஒக்காருன்னீங்க. சரி, சட்டிக்குள்ளயாவது ஓட்டிக்கறேன், அதுக்கும் ஊருக்குப் பயந்துட்டுக் கணக்கு, கணக்குங்கறீங்க!"

ஓரமாகப் போய்ப் பேசியது வீண். கடை முழுக்கக் கேட்டுவிட்டது. பிரிண்டர் அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

என் வீட்டுக்காரர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். "சரி, வா. ரெண்டு பேரும் ஓட்டுவோம். நீ செயிச்சா அந்தக் குண்டையே வாங்கிக்க, நான் வாயத் தொறக்கல. நான் செயிச்சா மெல்லிசு. கணக்குதான்."

என் சீட்டுப் பணம், நான் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் வாங்கிவிட்டு தினமும் அவருடைய கடுத்த முகத்துக்கு முன்னால் எப்படி விளையாடுவது? அவர் வாயாலேயே சரி என்று வர வேண்டும். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னுவேல் திரையை மேலே கீழே என்று இரண்டாகப் பிரித்தான். மேல் பாதி அவருக்கு, கீழ்ப் பாதி எனக்கு. ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் முழங்கையால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்க வேண்டும். வழியில் எதிரே லாரியும் காரும் வரும். முதலில் கோட்டைத் தொடுகிறவருக்கு ஜெயம்.

"ஹாரன் எங்க தம்பி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஹாரனுங்களா? இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லீங்கண்ணா. ஹெச் அமுக்குங்க."

புறப்பட்டோம். நான் அழுத்திய அழுத்தில் கார் பறந்தது. முதல் வளைவிலேயே நிஜமாகவே பறந்து பள்ளத்தில் விழுந்தது. மூன்று முறை மின்னிவிட்டுத் தானாக ரோட்டுக்கு வந்தது. இதுதான் இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த விஷயம். விழலாம், பிழைக்கலாம், திட்டுவதற்கு ஆள் இல்லை. மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் விழுந்தேன். "ஐயோ மாதாவே!" என்று கத்திக்கொண்டே சிரித்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள்.

மேல் பாதியில் இவர் என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன். வேகத்தைக் குறைத்து, அகலமாக எடுத்து, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்குகிறார். ஒரு கீறல் இல்லை. நான் விழுந்து எழுந்து வருவதற்குள் எனக்கு முன்னால் நாலு வளைவு போய்விட்டார்.

"அண்ணன் கை சுத்தமுங்க," என்றான் யாரோ.

போச்சு, கணக்குதான். வாழ்நாள் முழுக்கக் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, விழாமல் இரண்டு வளைவு தாண்டினேன். மூன்றாவதும் தாண்டினேன். தூரத்தில் அவருடைய காரின் பின்பக்கம் தெரிந்தது. அதற்கு முன்னால் கடைசி வளைவு, அது முடிந்ததும் கோடு. அவர் ஜெயித்தாயிற்று.

அப்போது கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது.

என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார். வேகத்தைக் குறைத்தார். பாறையோரமாக ஒதுக்கினார். நிறுத்திவிட்டார்.

"அண்ணா, போங்கண்ணா!" என்று பொன்னுவேல் அலறினான். "எடம் இருக்குதுங்கண்ணா!"

"இருப்பா, அவன் ஏறிரட்டும்."

லாரி ஆடி அசைந்து ஏறியது. நான் வந்த வேகத்தில் லாரியின் பக்கவாட்டில் மோதி, குட்டிக்கரணம் போட்டு, சக்கரம் வானத்தைப் பார்க்க, உருண்டுகொண்டே கோட்டைத் தாண்டினேன். திரையில் வாணவேடிக்கை வெடித்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். பிரிண்டர் அம்மாள், யாரோ எவரோ, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"என்னுங்க, செயிச்சது யாரு?"

"நீதான். ஆனா என் வண்டியப் பாரு, ஒரு கீறல் இல்ல."

"குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலயாக்கும்!"

"விழுந்தது நீ. எனக்கு ஏன் மண்ணு ஒட்டும்?" என்றார். அதுவும் சரிதான்.

பொன்னுவேலுக்கு ஆறவில்லை. "அது நெச லாரி இல்லீங்கண்ணா. இடிச்சாக்கூட ஒண்ணும் ஆவாது."

"ஏறி வர்ற வண்டிக்கு வழி உடோணுமில்ல தம்பி? நடுவுல நின்னுட்டான்னா லோடோட எப்படிக் கெளப்புவான்?" என்றவர், கொஞ்சம் கூச்சத்தோடு கையைப் பிசைந்தார். "அதுவுமில்லாம, பின்னால பஸ்ஸு நெறைய ஆளுக ஒக்காந்திருக்கறாப்பலயே இருந்துச்சு. எனக்கு ஓட்டுனா அப்படித்தான் இருக்குது. என்ன பண்றது?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனையோ நாள் அவருடைய பஸ்ஸில் மலை ஏறியிருக்கிறேன். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, அடிவாரம் தாண்டும் முன்பே தூங்கிவிடுவேன். மேலே ஒண்டிக்கடை ஸ்டாப்பில் ஆள் எழுப்பினால்தான் கண் திறப்பேன். அந்தத் தூக்கத்தை யார் கொடுத்தார்கள் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. அந்த மனுஷனை அங்கேயே கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது. கடையாகப் போய்விட்டது.

அவர் எழுந்தார். கடைக்கே கேட்கும்படி, டிப்போவில் பேசுகிற குரலில் சொன்னார்: "அந்தக் குண்டையே கட்டுங்க தம்பி. என் சம்சாரத்துக்கு. வெளையாடறதுக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் சின்னத்தம்பி, என் வீட்டுக்காரர் மடியில் இருந்த பெட்டியைத் தட்டி, "என்னண்ணா இது, இவ்வளவு பெருசு?" என்று கேட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்ப்யூட்டரு. மேரி கார் ஓட்டறா. நல்லாவே ஓட்டறா," என்றார் இவர். பிறகு நியாயமாக, "நொம்ப உழுவறா," என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க நான் குண்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். பொன்னுவேல் சொன்னது நிஜம், மடி கதகதவென்று இருந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கை மிதித்தார். "அகலமா எடு, அகலமா எடு," என்று கத்தினார். நான் பள்ளத்தில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மொபெட்டை ரோட்டுக்கு உருட்டினார். சாவியை என் கையில் வைத்தார்.

"இதுல உழுந்தா மூணு தடவ மின்னிட்டுத் தானா ரோட்டுக்கு வராது. தெரியுதில்ல?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நீங்க எங்க ஒக்காருவீங்க?"

"பின்னாலதான். வேற எங்க?"

ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் ஆக்சிலேட்டரைத் திருகினேன். வண்டி ஆடியது, நெளிந்தது, பிறகு நேராக ஓடியது. என் கன்னத்தில் காற்று அடித்தது! காப்பிச் செடிகள் இரண்டு பக்கமும் விலகி ஓடின. நான் ஓட்டுகிறேன், நானேதான் ஓட்டுகிறேன் என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். தெருக்கோடிக் கண்ணாயி வீட்டு நாய் குரைத்துக்கொண்டே துரத்தியது. இன்னும் கொஞ்சம் திருகினால் அதையும் பின்னால் விட்டுவிடலாம். விரல் துடித்தது.

ரோடு இறங்கியது. முன்னால் வளைவு. கீழேயிருந்து லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

என் தோளை அவர் அழுத்தவில்லை. ஆனால் அவருடைய கனம் முழுவதும் என் முதுகில் இருந்தது. நான் ஹாரன் அடித்தேன். வேகத்தைக் குறைத்தேன். பாறையோரமாக ஒதுங்கி, காலை ஊன்றி நின்றேன்.

"போயிருக்கலாமே, எடம் இருந்துச்சே," என்றார் பின்னாலிருந்து, குரலில் சிரிப்போடு.

"சும்மா ஒக்காருங்க," என்றேன். "பின்னால ஆளு இருக்குதில்ல."