இருபத்தைந்து கிலோ நியாயம்

வந்திருந்தவர்கள் நான்கு பேர். டயர்க்கடை அண்ணன், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பழைய டயர்களின் மேல், வாசலருகே. மச்சான், காரிலிருந்து கழற்றிப்போட்ட முன்சீட்டில், சுவரோரம், கால் நீட்டியபடி. மனைவி, பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில், மேசைக்கு வலப்புறம். கடிதம் எழுதுபவர், மேசைக்கு எதிரே, மூடி போட்ட பெயின்ட் வாளியின் மேல். கார் நடுவில், பானெட்டைத் திறந்தபடி நின்றது. அதற்கு ஓட்டுப்போடும் உரிமை இல்லை.

இவ்வளவையும் எழுதிய பிறகுதான் நகல் தலை நிமிர்ந்தார். அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். எந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் எடுத்துவைக்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்கே 'நகல்' என்று வந்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யார் வந்தார்கள், எதன் மேல் உட்கார்ந்தார்கள் என்று சொல்லாத புகார்க் கடிதம் காற்றில் பேசிய பேச்சு என்று பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஒருமுறை சொன்னதை, முப்பது வருஷமாக ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துவந்தார்.

"மாமா, சீக்கிரம் விஷயத்துக்கு வாங்க. நாலு மணிக்குத் தபால் எடுத்துடுவான்," என்றான் மச்சான். பட்டறை அவனுடையது. வாரம் முழுக்க இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் வைப்பான், ஞாயிற்றுக்கிழமை பந்தயக்காரன்.

விஷயம் இதுதான். போன ஞாயிறு பந்தயத்தில் பல் டாக்டர் முதலாவதாக வந்துவிட்டார். மச்சான் இரண்டாவது. இடைவெளி ஒரு கார் நீளம்கூட இல்லை. முதலாவது வருபவருக்குத்தான் பெரிய ஓடுதளத்தில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு இடம். அந்த ஒற்றை இடத்துக்காக மச்சான் ஆறு வருஷமாக, பழைய இரும்புக்கடையில் கிடந்ததைக் கொண்டுவந்து தட்டி, வளைத்து, ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

பந்தயக் கழகத்தின் விதிப்படி காரும் ஓட்டுபவரும் சேர்ந்து எழுநூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. கையில் காசு இருப்பவன் இன்ஜினில் கொட்டுவான். இல்லாதவன் தகரத்தை அறுத்து எறிவான். மச்சான் பின்சீட்டை எறிந்தான், கதவின் உள்தகட்டை எறிந்தான், இண்டிகேட்டர் விளக்குகளைக்கூடப் பிடுங்கி எறிந்தான். அவனும் ஒல்லி. கடைசியில் இருபத்தைந்து கிலோ குறைந்தது. அதை ஈடுகட்ட, ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்சீட்டைக் கழற்றிய இடத்தில் பாதி வாளி கான்கிரீட்டை வைத்து பெல்ட்டால் கட்டினார்கள். பந்தய தினம் காலையில் கழகத்தார் ஒருமுறை எடை போடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கையின் தலையில்தான் பல் டாக்டர் கைவைத்தார். எடை போடும்போது வண்டியில் இருந்த இரண்டு மணல் மூட்டைகள், பந்தயம் ஆரம்பித்தபோது தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இருந்தன. டயர்க்கடை அண்ணன் கண்ணால் பார்த்து, போனில் படமும் எடுத்துவிட்டார்.

"போன மாசம் என் கடைவாய்ப் பல்லைப் புடுங்கறப்பவே நெனச்சேன்," என்றார் அண்ணன். "வலிக்காதுன்னு சொன்னான். அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும். ஆனா பாரு தம்பி, கடைசியில நல்லதுதான் ஜெயிக்கும்."

"கடைசியிலதானேண்ணே? இது பன்னெண்டே சுத்துதான்."

"ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்களா," என்றாள் நகலின் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பந்தயத்தில் ஸ்டாப்வாட்ச் அவள் கையில். "நேரத்தை எழுதிக்கோங்க. தம்பி சராசரியா ஒரு சுத்துக்கு ரெண்டு செகண்ட் குறைச்சிருக்கான். இதுவரைக்கும் அப்படி ஓட்டினதே இல்ல."

"பறந்துச்சுக்கா வண்டி," என்றான் மச்சான். சொல்லும்போதே முகம் மலர்ந்தது. "திருப்பத்துல கையை வெச்சா போதும், அதுவா திரும்புச்சு. ஆறு வருஷமா தேடினது அன்னிக்குத்தான் என் கைக்கு வந்துச்சு."

நகல் அதையும் எழுதினார். பிறகு வழக்கம்போல் முதல் பத்தியைச் சரிபார்த்தார். டயர், சரி. முன்சீட்டு, சரி. நாற்காலி, சரி. பெயின்ட் வாளி என்ற இடத்தில் பேனா நின்றது. எந்தப் பெயின்ட் என்று குறிப்பிடுவது முறை. குனிந்து பார்த்தார்.

வாளியின் பக்கவாட்டில், கழகத்தார் சிவப்பு மையால் போட்ட முத்திரை இருந்தது. அதன் கீழே 'எடை 25'.

எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பந்தய தினம், எடை போட்டு முடிந்த பிறகு, சுற்றுக்கணக்கு எழுத உட்கார இடமில்லை. அவருக்கோ இடுப்புவலி. பெல்ட்டை அவிழ்த்து, வாளியை உருட்டிக்கொண்டுபோய் மரநிழலில் வைத்து, மேலே துண்டை மடித்துப் போட்டு, சுகமாக உட்கார்ந்து பன்னிரண்டு சுற்றையும் அழகாக எழுதினார். திருப்பி வைக்க மறந்துபோனார்; புறப்படும் அவசரத்தில் மச்சானும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. சாமான்களோடு சாமானாக அது அண்ணனின் வேனில் ஏறிப் பட்டறைக்கு வந்து, ஒரு வாரமாக அவர் கனத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

'மர முக்காலியின் மேல்' என்று ஒரு வரி மாற்றினால் போதும். யாருக்கும் தெரியாது. பேனா காகிதத்துக்கு மேல் அரை அங்குலம் தூக்கி நின்றது. அப்புறம் கடிதத்தின் நகலையும் அப்படித்தானே எழுத வேண்டும் என்று நினைத்தார். ஒரு பொய்யை இரண்டு பிரதி எடுக்க அவருக்குக் கை வரவில்லை.

எழுந்து நின்றார். வாளியைக் காட்டினார்.

மச்சான் வாளியைப் பார்த்தான். காரின் உள்ளே எட்டிப்பார்த்தான். மறுபடி வாளியைப் பார்த்தான்.

"மாமா!"

"இடுப்புவலிடா."

"ஐயோ, இவரைக் கட்டிக்கிட்டு நான்..." என்று தலையில் கைவைத்தாள் மனைவி.

டயர்க்கடை அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். "இருங்க, இருங்க. அவன் வேணும்னு செஞ்சான். நாம மறந்து செஞ்சோம். ரெண்டும் ஒண்ணா?"

"எங்க கூடத்துல சர்க்கரை இருந்தா இருக்குன்னுதான்ணே எழுதுவோம்," என்றாள் அவள். "மறந்து தின்னாரா, வேணும்னு தின்னாரான்னு ரத்தத்தைக் கேக்கறதில்ல."

"அப்ப ரெண்டு வண்டியும் போச்சுன்னா யாருக்கு எடம்?" என்றார் அண்ணன். கேட்டவுடனே அவருக்கும் பதில் தெரிந்துவிட்டது. மூன்றாவதாக வந்தது டிரைவிங் ஸ்கூல் அம்மா. பயிற்சி வண்டியிலேயே வந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு, ஏழு வண்டிகள் மோதிக்கொண்டும் பழுதாகியும் நின்றதால் மூன்றாவதாக வந்தவர்.

சிரிப்பை அடக்க அண்ணன் டயருக்குள் குனிந்துகொண்டார். மச்சான் சிரிக்கவில்லை. முன்சீட்டில் போய் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இடம் போனா போகுது மாமா. அந்த ரெண்டு செகண்ட்? அது என் கை இல்லையா?"

அக்காள்தான் பதில் சொன்னாள். "கொஞ்சம் உன் கைதான்டா."

"எவ்வளவுக்கா?"

"வாளியை வெச்சு ஓட்டு. அளந்து சொல்றேன்."

மச்சான் எழுந்து, வாளியைத் தூக்கிக் காருக்குள் வைத்து, பெல்ட்டை வழக்கத்தைவிட ஒரு துளை அதிகமாக இறுக்கினான். "எழுதுங்க. ஆனா டாக்டரோட மூட்டையை முதல்ல போடுங்க. நம்ம வாளி அதுக்கப்புறம்."

நகல் அப்படியே எழுதினார். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடிதத்துக்கு ஒரு நகலும் எடுத்துவைத்தார். உறையில் பசை தடவி, மூடி, காருக்குள் ஏறி, வாளியின் மேல் வைத்து, தானும் அதன் மேல் உட்கார்ந்தார். காரில் உட்கார வேறு இடமும் இல்லை. ஒட்டியதற்கு ஒட்டியதாகவும் ஆயிற்று.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வண்டி கனத்துப் புறப்பட்டது. கடைத்தெரு முனையில், இண்டிகேட்டர் இல்லாத அந்தக் காரிலிருந்து, மச்சான் வலது கையை வெளியே முழுசாக நீட்டி, பின்னால் ஒரு சைக்கிள்கூட வராத தெருவுக்குச் சைகை காட்டித் திரும்பினான்.

தபால்பெட்டியை ஒட்டி வண்டி நின்றதும் நகல் சற்று எம்பி, இன்னும் சூடாக இருந்த உறையை எடுத்து, ஜன்னல் வழியாகப் பெட்டிக்குள் போட்டார். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்கும்வரை மச்சான் இன்ஜினை அணைத்துவைத்திருந்தான்.